ரிஹானாவின் கூடுதல் ஒரு மணி நேரம்

சென்னையில் நான் பேசிய முதல் வாக்கியத்திலேயே ஆட்டோக்காரர் என்னை மலையாளி ஆக்கிவிட்டார்.

"தம்பி, அடையாறுக்குப் போக வேணும். எவ்வளவு கேப்பியள்?" என்றேன்.

"கேரளாவா மேடம்? தமிழ் சூப்பரா பேசுறீங்களே!" என்றார்.

யாழ்ப்பாணத்தில் பிறந்து, அங்கேயே இத்தனை வருடமாகத் தமிழில் கற்பித்துத் தொண்டை கட்டியவளுக்கு இதைவிட நற்சான்று வேறென்ன வேண்டும்? உண்மையைச் சொன்னேன். "அட, சிலோனா!" என்று வண்டியை உதைத்துக் கிளப்பினார். அடையாறு வரும்வரை இலங்கையில் பெட்ரோல் கிடைக்கிறதா, யானை தெருவில் வருமா, அங்கே ஆட்டோ ஓட்டினால் வண்டி வாங்கிய கடனைக் கட்டலாமா என்று விசாரித்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது பேசிய தொகைக்கு மேல் கேட்டார். உறவு கொண்டாடியதற்கான கட்டணம் என்று எடுத்துக்கொண்டேன்.

நான் வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த ஆண்டு எங்கள் பல்கலைக்கழகத் தமிழ்த் துறைக்குப் பார்வையில்லாத மாணவி ஒருத்தி முதன்முதலாக வரப்போகிறாள். அவளுக்கு வகுப்பை எப்படி நடத்துவது, பரீட்சையை எப்படி வைப்பது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கூட்டம் போட்டோம், தேநீர் குடித்தோம், வடை தின்றோம். "ஆராவது ஒராள் இந்தியாவுக்குப் போய்ப் பாத்திட்டு வாங்கோ" என்று தலைவர் முடித்துவைத்தார். கூட்டத்தில் அதிகம் வாயைத் திறந்தவள் நான்தான் என்பதால் போக வேண்டியவளும் நானே ஆனேன். அடையாறில் ஒரு பெண்கள் கல்லூரி. அங்கே தமிழ்த் துறையில் கலைச்செல்வி என்ற பேராசிரியை எனக்குக் கடிதத்தில் பழக்கம். "ஒரு வாரம் வந்து எங்களோட இருங்க" என்று அவர் எழுதியிருந்தார்.

முதல் நாள் காலை விடுதிக்கு எதிரே இருந்த கடையில் இட்லி சாப்பிட்டேன். பஞ்சு என்றால் பஞ்சு. எங்களூர் இட்லிக்கு இந்த மென்மை வராது, ஒப்புக்கொள்கிறேன். சட்னியைத்தான் எங்கள் தேங்காய்ச் சம்பல் என்று நம்பி நாக்கு ஏமாந்துபோனது. பச்சை மிளகாய் போட்டிருக்கிறார்கள் என்பது பேச்சுக்குத்தான். உறைப்பு ஊருக்கு வெளியே நின்றது. ஆனால் அந்தக் காப்பி! டபராவில் ஆற்றி ஆற்றி நுரை கட்டித் தந்தார்கள். எங்கள் தேநீருக்குத் துரோகம் செய்கிறோமே என்ற உறுத்தலோடு இரண்டாவதும் கேட்டு வாங்கினேன்.

கலைச்செல்வி கல்லூரி வாசலிலேயே நின்றிருந்தார். உயரமானவர், வேக நடைக்காரர். நடந்துகொண்டே பேசுவார், பேசிக்கொண்டே சிரிப்பார். அலுவலக வராந்தாவில் இருந்த அறிவிப்புப் பலகைக்கு முன்னால் மட்டும் நின்றார். "இதுக்கு ரெண்டு வருஷம் போராடினோம் மேடம்" என்று ஓர் அறிவிப்பைத் தொட்டுக் காட்டினார். பார்வையில்லாத மாணவியர் தேர்வில் சொல்லிச் சொல்லி எழுதுவிக்க ஓர் ஆள் வைத்துக்கொள்ளலாம், அவர்களுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் உண்டு என்று அதில் போட்டிருந்தது. பக்கத்திலேயே இன்னொன்று. நோன்பிருக்கும் மாணவியர் மாலையில் முன்னதாகவே வீட்டுக்குப் போகலாம், எவரும் தடுக்கக்கூடாது என்றது அது. ரமலான் மாதம் நடந்துகொண்டிருந்தது. இரண்டையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டேன். எங்கள் தலைவருக்குக் காட்ட வேண்டும் என்று நினைத்தேன். எனக்கு வந்த மகிழ்ச்சி கொஞ்சநஞ்சம் அல்ல.

பிறகு வகுப்புக்குப் போனோம். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. எந்தப் பிள்ளை வாயைத் திறந்தாலும் முதலில் தன் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் பேசுகிறாள். "தேவி பேசறேன் மேம், எனக்கு ஒரு டவுட்." "ஜெனிஃபர். அது அப்படி இல்லன்னு நினைக்கறேன்." ஒரு வானொலி நிலையத்துக்குள் வந்துவிட்டது போல இருந்தது. கலைச்செல்வியும் பலகையில் எழுதுவதை எல்லாம் வாயால் ஒருமுறை சொல்லுகிறார். "இது", "அது" என்று விரலைக் காட்டி ஒரு சொல்லும் சொல்வதில்லை.

"ரிஹானாவுக்காக ஆரம்பிச்சது" என்று வகுப்பு முடிந்ததும் சொன்னார் கலைச்செல்வி. "யார் பேசறாங்கன்னு அவளுக்குத் தெரியணும்ல? ஆனா லாபம் எனக்குத்தான். முன்னாடி முதல் பெஞ்சு பேர் மட்டும்தான் எனக்குத் தெரியும். இப்போ ஊரூர் மீனவர் குப்பத்துலேர்ந்து வர்ற பிள்ளைங்க, கடைசி பெஞ்சு, எல்லார் பேரும் தெரியும். பேர் சொல்லிட்டா அப்புறம் பேசாம உட்கார முடியாதே!"

இதைக் கேட்டபோதே என் பயணச் செலவு தேறிவிட்டது என்று தோன்றியது.

ரிஹானா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கடைசி ஆண்டு. மெலிந்த பிள்ளை, கறுப்புத் துப்பட்டா. நான் "வணக்கம் பிள்ளை, சுகமா இருக்கிறீரோ?" என்றதும் முகம் மலர்ந்தது.

"யாழ்ப்பாணம்தானே மேம்?"

சென்னையில் என்னைச் சரியாகக் கண்டுபிடித்த முதல் ஆள். "எப்பிடித் தெரியும்?" என்றேன்.

"உங்க ஊர் சமையல் வீடியோ எல்லாம் பாப்பேன். பாப்பேன்னா, கேப்பேன். ஒடியல் கூழ் எப்படி வைக்கறதுன்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ஒடியல்னா என்னன்னு மட்டும் தெரியாது."

பனங்கிழங்கைக் காயவைத்தால் ஒடியல் என்று சொல்லிக் கொடுத்தேன். நான் சென்னைக்குக் கற்பித்த ஒரே பாடம் அதுதான்.

ரிஹானாவின் வீட்டில் பேசுவது உருது. படிப்பது தமிழ் இலக்கியம். வகுப்பில் முதல் மூவரில் ஒருத்தி என்றார் கலைச்செல்வி. ஆனால் ஒரே ஒரு தாள் தேறாமல் நிற்கிறது, இலக்கணம். வருடத்துக்கு ஒரு தடவைதான் அந்தத் தாள் வரும். போன வருடம் சில மதிப்பெண்ணில் போய்விட்டது. இந்த வியாழக்கிழமை மறுபடி எழுதுகிறாள். அது தேறினால்தான் பட்டம், அதற்குப் பிறகுதான் எம்.ஏ.

"வகுப்புல கேட்டா பதில் கொட்டுது. தேர்வுல கடைசிக் கேள்விகள விட்டுட்டு வந்துடறா. ஏன்னு கேட்டா, 'தெரியல மேம்'னு சிரிக்கறா" என்று கலைச்செல்வி உதட்டைப் பிதுக்கினார்.

மறுநாள் மாலை தியாகராய நகருக்குப் போனேன். ரவிக்கையில் ஊசிவேலை செய்விக்க வேண்டும் என்று நான் சொன்னபோது, ரிஹானாவின் தகப்பன் சலீம் பாயின் பட்டறை அங்கேதான் இருக்கிறது என்று கலைச்செல்வி முகவரி தந்திருந்தார். பேருந்தில் ஏறி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், நடத்துநரிடம் ஏச்சு வாங்கி, திரும்ப நடந்து வந்தேன். கடைத்தெருவில் நான் நடக்கவில்லை. சனம் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. திருவிழாக் கூட்டம் எங்கள் நல்லூரில் வருடத்துக்கு ஒருமுறை வரும். இவர்களுக்கு அது செவ்வாய்க்கிழமைகூட வருகிறது.

சந்துக்குள் மாடியில் பட்டறை. மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய பட்டுத் துணியைச் சுற்றி நாலைந்து பேர் குனிந்திருந்தார்கள். கொக்கி ஊசி போய்ப்போய் வந்துகொண்டிருந்தது. சலீம் பாய் எழுந்து நாற்காலியைத் துடைத்தார்.

"இன்னா மேடம், அவ்ளோ தொலவுலேர்ந்து நம்ம கடைய தேடி வந்துகிறீங்க! உக்காருங்க. நோன்பு தொறக்கற நேரம். கஞ்சி குடிக்காம உங்கள வுட மாட்டேன்."

ரிஹானாவும் அங்கே இருந்தாள். கல்லூரி முடிந்து தகப்பனிடம் வந்து, அவரோடு சேர்ந்து வீட்டுக்குப் போவது வழக்கமாம். பாங்கு ஒலித்ததும் பேரீச்சம்பழம் கைமாறியது. பிறகு பள்ளிவாசலிலிருந்து வந்த கஞ்சி. அரிசி, கறித்துண்டு, வெந்தயம், புதினா, பக்கத்தில் சூடான பருப்பு வடை. எங்களூரிலும் சோனகத் தெருவில் நண்பர்கள் வீட்டில் நோன்புக் கஞ்சி குடித்திருக்கிறேன். அது தேங்காய்ப் பாலில் குழைவாக இருக்கும், இது மசாலாவில் மணக்கும். எது மேல் என்று கேட்டால் இரண்டு கோப்பை குடித்தவள் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

பேச்சு வியாழக்கிழமைத் தேர்வுக்கு வந்தது. சலீம் பாய் வெளிப்படையாகவே சொன்னார். "இந்த தபா பாஸ் ஆவலன்னா, படிச்சது போதும், வீட்ல இருக்கட்டும்னு அவங்க அம்மா சொல்லிட்டாங்க மேடம். தனியா பஸ்ல போயி வரா, அவங்களுக்கு தெனம் பயம். பாஸ் ஆனா வேற கத. எம்.ஏ. காலேஜுக்கு நானே கொண்டுபோயி வுடுவேன்னு சொல்லிகிறேன்."

"அண்டைக்கு நோன்பு எங்க துறப்பீர்?" என்று ரிஹானாவிடம் சும்மா கேட்டுவைத்தேன்.

"வீட்லதான் மேம். அஞ்சரைக்கு பேப்பர குடுத்துட்டு கெளம்பினா பாங்குக்கு முன்னாடி போயிடலாம்."

"ஆறரை வரைக்கும் உமக்கு நேரம் இருக்கெல்லோ?"

அவள் கையிலிருந்த வடையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். "நோன்பு மாசத்துல அந்த ஒரு மணி நேரத்த நான் எடுக்கறதில்ல" என்றாள்.

எனக்கு அப்போதுதான் கணக்குப் புரிந்தது. தேர்வு மதியம் இரண்டரையிலிருந்து ஐந்தரை வரை. கூடுதல் நேரம் ஆறரை வரை. நோன்பு துறக்கும் நேரம் அதற்குள் வந்துவிடுகிறது. தேர்வறைக்குள் ஒரு பருக்கை உணவுக்கும் அனுமதியில்லை. இலக்கணத்தில் சொல்லைப் பிரிப்பதும் சீரை அலகிடுவதும் நாங்கள் தாளில் கிறுக்கிப் பார்த்துச் செய்கிற வேலை. அதை மனதுக்குள் செய்து, வாயால் சொல்லி, இன்னொருவர் கையால் எழுதுவிக்க எத்தனை நேரம் பிடிக்கும்! மற்றத் தாள்களை எப்படியோ ஓட்டிவிட்டாள். இந்தத் தாள் மட்டும் ஓட்டத்துக்கு அகப்படவில்லை. போன வருடமும் தேர்வு நோன்பு மாதத்தில்தான் வந்திருக்கிறது.

பலகையில் அந்த இரண்டு அறிவிப்புகளும் பக்கத்துப் பக்கத்தில்தான் ஒட்டியிருந்தன. ஒன்று பார்வையில்லாதவளுக்கு. மற்றது நோன்பாளிக்கு. இரண்டு பேரும் ஒரே பிள்ளையாக இருக்கலாம் என்று ஒட்டியவர்களுக்கும் தோன்றவில்லை, படம் எடுத்தவளுக்கும் தோன்றவில்லை.

அந்தப் பதற்றத்தில் நான் ஒரு மடைத்தனமான யோசனை சொன்னேன். "அண்டைக்கு ஒரு நாள் நோன்பை விட்டிட்டால் என்ன பிள்ளை?"

"ஏன் மேம் ஏதாவது ஒண்ண நான் விட்டே ஆகணும்?"

கோபமாகக் கேட்கவில்லை. மென்மையாகத்தான் கேட்டாள். நான் கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

சலீம் பாய் உருதுவில் மகளிடம் ஏதோ கேட்டார். குரல் உடைந்திருந்தது. அவள் பதில் சொன்னாள். அவர் மறுபடி கேட்டார். பிறகு ரிஹானாவே எனக்குத் தமிழில் சொன்னாள். "கூட ஒரு மணி நேரம் உண்டுன்னு அப்பாவுக்கே தெரியாது மேம். ஏன் சொல்லலன்னு கேக்கறாரு. கலைச்செல்வி மேம் அலையா அலைஞ்சு அந்த நேரத்த வாங்கினாங்க. அதுல எனக்கு கஷ்டம்னு சொன்னா அவங்க மனசு என்ன ஆகும்? அப்புறம், ஏற்கெனவே ஒண்ணு குடுத்துருக்காங்க. நோன்புன்னு இன்னொன்னு கேட்டா, ஒரு பொண்ணுக்கு எத்தன சலுகைதான் குடுப்பாங்கன்னு நினைக்க மாட்டாங்களா? பேராசன்னு ஆயிடும்."

அன்று விடுதிக்குத் திரும்பும் வழியெல்லாம் எனக்கு எரிச்சல். ஊர் மேலா, கல்லூரி மேலா, என் மேலேயா என்று பிரித்துச் சொல்லத் தெரியாத எரிச்சல்.

காலையில் கலைச்செல்வியிடம் சொன்னேன். அவர் நடையை நிறுத்தினார். "அய்யோ, என் முகத்துக்காகவா சொல்லாம இருந்தா?" என்றார். கண் கலங்கியது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "வாங்க" என்று தேர்வுப் பொறுப்பாளர் அறையை நோக்கிப் பாய்ந்தார். நான் பின்னால் ஓடினேன்.

பொறுப்பாளர் நல்ல மனிதர், விதியைத் தலையணையாக வைத்துத் தூங்குகிற ரகம். நேரத்தை மாற்ற முடியாது என்றார். சரி, அதை நாங்கள் கேட்கவில்லை. அறைக்குள் பேரீச்சம்பழமும் தண்ணீரும் வைக்க அனுமதி என்றதும் தலையை ஆட்டினார்.

"ஹாலுக்குள்ள சாப்பாடு அலவ் பண்ணதே இல்ல மேடம்."

"சுகர் இருக்கற பிள்ளைங்களுக்கு பிஸ்கட் விடறீங்களே சார்?"

"அது மெடிக்கல்."

"இது மனுஷத்தனம் சார். ரெண்டுக்கும் பசி ஒண்ணுதான்."

அவர் மின்விசிறியைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். "கொட்டை எடுத்த பேரீச்சம்பழமா இருக்கணும்" என்றார்.

கொட்டைக்குள் விடையை ஒளித்து வைத்துவிடுவாள் என்று பயந்தாரோ என்னவோ. அதைக் கேட்டு வம்பை விலைக்கு வாங்க எனக்கு விருப்பமில்லை. அந்தக் கையெழுத்துக்காக அவரை இன்றைக்கும் நன்றியோடுதான் நினைக்கிறேன்.

அடுத்த சிக்கல் எழுதித் தருபவர். மயிலாப்பூர் வைதேகி மாமிதான் மூன்று வருடமாக ரிஹானாவுக்காகத் தேர்வு எழுதுகிறவர். ஒரு சல்லிக்காசு வாங்குவதில்லை. எழுதித் தருபவர் தேர்வெழுதும் மாணவியைவிடக் குறைவாகப் படித்திருக்க வேண்டும் என்பது இவர்கள் விதி. மாமி பிளஸ் டூவோடு கல்யாணமாகி வந்தவர். கலைச்செல்வி அவரைத் தொலைபேசியில் அழைத்துச் சத்தத்தைக் கூட்டி எனக்கும் கேட்க வைத்தார்.

"டிகிரி இல்லேன்னு எங்காத்துல எத்தனை பேச்சு கேட்டிருக்கேன் தெரியுமோ! இப்போ பாருங்கோ, அதுவே எனக்குத் தகுதியாயிடுத்து" என்று சிரித்தார் மாமி.

விஷயத்தைச் சொன்னதும் மறுமுனையில் சிரிப்பு நின்றது. அந்த வியாழக்கிழமை மயிலையில் அறுபத்துமூவர் திருவிழா. நாயன்மார்கள் எல்லோரும் பல்லக்குகளில் மாட வீதிகளைச் சுற்றி வரும் நாள். மாமியின் வீடு மாட வீதியிலேயே. வாசலில் சாமி வரும் நேரம் பார்த்து உறவுகள் எல்லாம் வந்து கூடுவார்கள். வழக்கம்போல ஐந்தரைக்குக் கிளம்பி வந்து பார்த்துவிடலாம் என்று மாமி கணக்குப் போட்டிருந்தார். ஆறரை வரை என்றால் நடக்காது.

கலைச்செல்வி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். வேறொருவரை இனித் தேட நேரமில்லை.

"கபாலி வருஷா வருஷம் வருவார்" என்றது மாமியின் குரல். "அந்தப் பொண்ணுக்கு இந்தப் பேப்பர் மறுபடி வரப்படாது. நான் இருக்கேன்."

வியாழக்கிழமை நண்பகல் மாமியை அழைத்துவரும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஏதாவது ஒரு விதத்தில் உதவாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. ஆட்டோ லஸ் முனை வரை போய் நின்றுவிட்டது.

"இதுக்கு மேல போவாது மேடம். ரோடு ஃபுல்லா ஜனம் கீது. நடந்து போய்க்கினே இருங்க, கோயில் தானா வரும்" என்றார் ஆட்டோக்காரர்.

வெயில் மண்டையைப் பிளந்தது. வழியெல்லாம் பந்தல். மோர், பானகம், தயிர்சாதம் என்று கையில் திணித்துக்கொண்டே இருந்தார்கள். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்கிறார்கள். "வாங்கிக்கம்மா, சாமி குடுக்கறது" என்று ஒரு பெரியவர் அதட்டினார். கையில் இரண்டு மோர்க் குவளையோடு மாமி வீட்டு வாசலை அடைந்தேன். மாமி தயாராக நின்றார். குள்ளமானவர், பட்டுப்புடவை, தோளில் துணிப்பை. வீடு நிறைய உறவு. "சாமி வர நேரத்துல எங்க கிளம்பிட்ட?" என்று ஒரு நாத்தனார் குரல் உள்ளிருந்து வந்தது.

"பரீட்சைக்கு" என்று சொல்லிவிட்டு மாமி படி இறங்கினார்.

திரும்பி வந்தால், காத்திருக்கச் சொன்ன ஆட்டோவைக் காணோம். போலீஸ் விரட்டியிருக்க வேண்டும். நான் கையைப் பிசைந்தேன். மாமி பதறவில்லை. "பறக்கும் ரயில் இருக்கே, வாங்கோ" என்று கூட்டத்துக்கு எதிர்த்திசையில் என்னை இழுத்துக்கொண்டு நடந்தார். எல்லோரும் கோயிலை நோக்கி வர, நாங்கள் இருவர் மட்டும் கோயிலை விட்டுப் போனோம். ஒரு வளைவில் மாமி நின்று, கோபுரத்தின் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான்.

அந்த ரயில் நிலையம் அரண்மனை போலப் பெரியது, ஆள்தான் இல்லை. நகரும் படி நகரவில்லை. மூச்சு வாங்க ஏறினோம். ரயிலில் உட்கார்ந்து மாமி தண்ணீர் குடித்தார். "பயப்படாதேங்கோ, நேரம் இருக்கு" என்று என் முழங்காலைத் தட்டினார். அவர் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய நிலையில் நான் இருந்தேன். நதியின் மேல் ரயில் போனபோது காற்று வந்தது. எங்கள் நாட்டில் ரயில் ஜன்னலில் கடல் தெரியும், இங்கே கட்டடங்களின் மொட்டைமாடிகளும் காயும் துணிகளும். அதுவும் ஒரு காட்சிதான்.

தேர்வு தொடங்குவதற்குச் சற்று முன்பே போய்ச் சேர்ந்துவிட்டோம். ரிஹானாவுக்குத் தனி அறை. மாமி, ஒரு கண்காணிப்பாளர், அவள், மூன்று பேர் மட்டும். பார்வையாளர் என்ற பெயரில் வராந்தாவில் ஜன்னலோரம் எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். அசையக்கூடாது, இருமக்கூடாது. கலைச்செல்விக்கு வேறு அறையில் வேலை. ஆனாலும் அடிக்கடி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மாமி கேள்வியை ஒருமுறை வாசித்தார். ரிஹானா கேட்டாள், விரலால் மேசையில் தாளம் போட்டாள், பதில் சொல்லத் தொடங்கினாள். வீட்டில் உருதுவும் வெளியில் சென்னைத் தமிழும் பேசுகிற பிள்ளையின் வாயிலிருந்து அச்சுத் தமிழ் நிறுத்தக்குறிகளோடு வந்தது. "கால்புள்ளி", "புதுப் பத்தி" என்று அதையும் சொன்னாள். மாமி தலை நிமிராமல் எழுதினார். கேள்வியை வாசிப்பதைத் தவிர ஒரு சொல் பேசவில்லை. பேசினால் விடை சொல்லிக் கொடுத்ததாகிவிடும் என்று அவருக்கு அவ்வளவு கண்டிப்பு.

ஐந்தரைக்கு மணி அடித்தது. மற்ற அறைகளிலிருந்து பிள்ளைகள் இரைச்சலோடு வெளியேறினார்கள். கையில் பேனாவோடு வரும் பெண்கள், விடையை ஒப்பிட்டு அலறுகிற பெண்கள், பிறகு ஒருவரும் இல்லை. ரிஹானா அந்த மணிச்சத்தத்தில் ஒரு கணம் நின்றாள். பழக்கத்தில் கை துப்பட்டாவைச் சரிசெய்தது, எழப் போகிறவள் போல. பிறகு கையை இறக்கிக்கொண்டாள். "அடுத்த கேள்விய படிங்க மாமி" என்றாள். எனக்கு ஜன்னலோரத்தில் அழுகை வந்தது. அதையும் சத்தமில்லாமல்தான் செய்ய வேண்டியிருந்தது.

அந்த அறைக்குள் பாங்கு கேட்காது. பேசும் கடிகாரத்தை உள்ளே விட மாட்டார்கள். இந்த இரண்டையும் நாங்கள் ஒருவரும் முன்கூட்டி யோசிக்கவில்லை. ஆறு மணி தாண்டியபோதுதான் எனக்கு உறைத்தது. நேரம் ஆகிவிட்டது என்று யார் சொல்வது? நான் வாயைத் திறக்கக்கூடாது. மாமியோ வாயைத் திறக்க மாட்டார். கண்காணிப்பாளர் பெண் ஏதோ சிந்தனையில் இருந்தாள். ரிஹானா சொல்லிக்கொண்டே போனாள், விறுவிறுவென்று, போன வருடம் எட்டிப் பார்க்காத பக்கங்களுக்கு.

மாமியின் கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போவதைப் பார்த்தேன். எழுதினார். பார்த்தார். எழுதினார். பிறகு ரிஹானா சொன்ன வாக்கியத்தை முற்றுப்புள்ளி வரை எழுதி முடித்துப் பேனாவை வைத்தார். மேசையில் இருந்த டப்பாவைத் திறந்து, கொட்டை எடுத்த ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து, ரிஹானாவின் உள்ளங்கையை விரித்து அதில் வைத்து மூடினார்.

ரிஹானா அப்படியே உட்கார்ந்திருந்தாள். உதடுகள் மெல்ல அசைந்தன. பழத்தை வாயில் போட்டாள். மாமி தண்ணீர்க் குவளையை அவள் விரல்களில் தொட வைத்தார். குடித்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கடைசி வரிய ஒரு தடவ படிங்க மாமி."

மாமி படித்தார். ரிஹானா தொடர்ந்தாள். ஆறரைக்கு முன்னால் ஒருதரம் கையை உயர்த்தி, "மேம், எனக்கு அடிஷனல் ஷீட் வேணும்" என்று கண்காணிப்பாளரிடம் கேட்டாள். மூன்று வருடத்தில் அந்தப் பிள்ளை நோன்பு மாதத்தில் கூடுதல் தாள் கேட்டது அதுதான் முதல் தடவை என்று கலைச்செல்வி பிறகு சொன்னார்.

வெளியே சலீம் பாய் வாசலில் காத்திருந்தார். கையில் கஞ்சித் தூக்கு. எங்கள் எல்லோருக்கும் சேர்த்துக் கொண்டு வந்திருந்தார். மாமிக்குத் தனியாகப் பழம், அவர் சைவம் என்று விசாரித்து வைத்திருக்கிறார். "மாமி, உங்க சாமிய பாக்க முடியாம போச்சே" என்று கும்பிட்டார்.

"இன்னும் வீதியிலேதான் இருப்பார், அவருக்கும் டிராஃபிக்தானே" என்றார் மாமி, ஒரு வாழைப்பழத்தை உரித்துக்கொண்டே.

அந்தக் கல்லூரி மரத்தடியில் நின்று குடித்த கஞ்சியைவிட நல்ல உணவு அந்த வாரம் முழுவதும் நான் சாப்பிடவில்லை. இவர்கள் ஒருவருக்கும் நான் ஒன்றும் இல்லை. ஒரு வாரத்துக்கு வந்த வேற்றூர்க்காரி. என்னை எல்லாவற்றிலும் சேர்த்துக்கொண்டார்கள். அந்த நன்றியை எழுதித் தீர்க்கத்தான் இதை எழுதுகிறேன், தீர்ந்தபாடாக இல்லை.

ஊர் திரும்பி எங்கள் கூட்டத்தில் படங்களைக் காட்டினேன். வகுப்பில் பெயர் சொல்லிப் பேசுவதையும் கூடுதல் நேரத்தையும் எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். எங்கள் மாணவியை வரவழைத்து முதலில் அவளிடமே பேச வேண்டும் என்றேன். கண் தெரியாதவள் என்பதைத் தவிர அவளைப் பற்றி எங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டேன். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அவள் எந்த ஊர், வீட்டில் யார் இருக்கிறார்கள், எந்த பஸ்ஸில் வருவாள் என்பதுகூட. அடுத்த வாரம் வீட்டார் ஒருவரோடு வரச் சொல்லி அழைத்தோம்.

சில வாரங்கள் கழித்து ரிஹானாவின் குரல் என் கைத்தொலைபேசிக்கு வந்தது. பின்னால் பட்டறையின் சத்தம் கேட்டது.

"மேம், பாஸ்! அறுபத்திரெண்டு! அம்மா எல்லாருக்கும் பிரியாணி குடுக்கறாங்க. அப்பா எம்.ஏ. அப்ளிகேஷன் வாங்கிட்டு வந்துட்டாரு. கலைச்செல்வி மேம் இதுவே நல்ல மார்க்குதான், போதும்னு சொல்றாங்க. எனக்கு போதாது மேம். நான் எழுதினதுக்கு எழுபதுக்கு மேல வரணும். மறுமதிப்பீட்டுக்கு நேத்தே போட்டுட்டேன்."